லிக்னின் பிசின் இல்லை

பழைய செய்தித்தாளிலிருந்து கரைப்பான் கொண்டு 'மரப்பிசின்' எடுக்கிறார்கள் என்று பினாங்கில் ஓர் அறிவியல் உரையில் மறுபடியும் கேட்டேன்; லிக்னினைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பிள்ளைகளின் பள்ளிச் செயல்திட்டங்களிலும் இந்தச் சொல் ஏறிவிட்டதால் இதை எழுதியே ஆகவேண்டும்.

லத்தீனில் லிக்னும் என்றால் மரம், விறகு. சுவிஸ் தாவரவியலாளர் டி காண்டோல் 1813-இல் அதிலிருந்து லிக்னின் என்று பெயர் வைத்தார். செடியின் செல்சுவரில் செல்லுலோஸ் இழைகளுக்கு நடுவே நிறைந்து, அவற்றை இறுக்கி விறைப்பாக நிற்கவைக்கும் பொருள் அது. சொல்லின் கதை அவ்வளவுதான்.

இனி பிசினுக்கு வருவோம். பிசின் என்றால் பட்டையில் காயம்பட்டுக் கசிந்து கட்டியாவது: முருங்கைப் பிசின், கருவேலம் பிசின், இங்கே மலாய்க்காரர்கள் டாமார் என்பது. தோட்டத்தில் பால்மரம் சீவிய நம் பெரியவர்கள் பாலையும் பிசினையும்கூட ஒன்றாகச் சொல்லமாட்டார்கள். லிக்னின் எங்கேயும் ஒழுகாது, கத்தியால் கீறி வாங்கவும் முடியாது. இழைகளை ஒட்டவைக்கிறதே, அதனால் பிசின்தானே என்கிறார்கள். ஒட்டுவதெல்லாம் பிசின் என்றால் சோற்றுப் பருக்கையும் பிசின்தான்!

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. பாதாம் பிசினை ராத்திரி தண்ணீரில் போட்டால் காலையில் ஊதி நிற்கும், அது எல்லா வீட்டுக்கும் தெரியும். லிக்னினோ தண்ணீரில் கரையாது, இந்த மீட்பு வேலை முழுக்க அதை நம்பித்தான் நடக்கிறது. ஒரு முறையைப் பாருங்கள்: கோலின் குளோரைடு என்ற உப்பையும் லாக்டிக் அமிலத்தையும் கலந்தால் ஒரு கரைப்பான் கிடைக்கும், அதில் நறுக்கிய செய்தித்தாளைப் போட்டுச் சூடாக்கினால் லிக்னின் கரைந்து இறங்கும், செல்லுலோஸ் இழை பெரும்பாலும் அப்படியே மிஞ்சும். இழையை வடிகட்டிவிட்டு அந்தக் கரைசலில் தண்ணீரை ஊற்றினால் லிக்னின் பழுப்புத் தூளாகப் படியும். அப்புறம் தண்ணீரை ஆவியாக்கிக் கரைப்பானை மறுபடி பயன்படுத்தலாம். பிசின் என்று படித்த பிள்ளைக்கு, தண்ணீர் ஊற்றியதும் ஏன் படிகிறது என்று எப்படி விளங்கும்?

'மர' என்ற முன்னொட்டும் சரியில்லை. செம்பனை என்னும் எண்ணெய்ப் பனையிலும் மூங்கிலிலும் வைக்கோலிலும் லிக்னின் இருக்கிறது. நம்மிடம் காழ் என்ற அருமையான சொல் கிடக்கிறது, வைரம் பாய்ந்த உறுதி என்று பொருள். உள்ளே காழ் உள்ளது மரம், வெளியே காழ் உள்ளது புல் என்று தொல்காப்பிய மரபியலே பிரித்துவைத்திருக்கிறது. செம்பனை அதன்படி புல்லில் சேரும், இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லோடு ஒருவித்திலை வகையில்தான் வைக்கிறது. அதனால் லிக்னினைக் காழ்மம் என்பேன். வெயில்பட்ட செய்தித்தாள் மஞ்சளாவது காழ்மத்தால், வெளுத்த வெள்ளைத்தாளில் அது அநேகமாக இல்லை என்று எழுதிப் பாருங்கள், எங்கேயும் தடுக்கவில்லை.

கரைப்பானைக் 'கரைசல்' என்று எழுதுபவர்களையும் சொல்லாமல் விடமுடியாது. கரைப்பது கரைப்பான், கரைந்தபின் கிடைக்கும் கலவை கரைசல். இரண்டையும் குழப்பினால் மேலே சொன்ன செய்முறையில் எதை வடிகட்டினோம், எதைத் திரும்ப எடுத்தோம் என்றே தெரியாது. மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்குமுன் அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டும். காழ்மம் பிடிக்காதவர்கள் லிக்னின் என்றே எழுதட்டும், எனக்கு வருத்தமில்லை. மரப்பிசினை மட்டும் பாடத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.