செறிவு முகாம் அல்ல, அடைப்பு முகாம்

'போயர் குழந்தைகள் செறிவு முகாம்களில் இறந்தனர்.' போன வாரமும் ஒரு வரலாற்றுக் காணொளியில் இதைக் கேட்டேன். கேட்கக் கேட்க மனம் பொறுக்கவில்லை.

ஆங்கிலத்தின் கான்சென்ட்ரேஷன் கேம்ப்பைத்தான் செறிவு முகாம் என்கிறார்கள். கான்சென்ட்ரேஷன் என்றால் ஒரு மையத்தில் கொண்டுவந்து சேர்ப்பது; லத்தீன் வேர். 1896-இல் கியூபாவில் ஸ்பானியத் தளபதி வெய்லர் கிராமத்து மக்களைக் காவலுக்குள் அடைக்க ஆரம்பித்தார். சில ஆண்டுகளில் ஆங்கிலேயர் தென்னாப்பிரிக்காவில் போரின்போது, டச்சு வழிவந்த வெள்ளை விவசாயிகளான போயர்களின் பண்ணைகளைக் கொளுத்தி, பெண்களையும் பிள்ளைகளையும் கூடாரங்களில் அடைத்தார்கள். இந்தச் சொல்லும் அங்கேதான் நிலைத்தது.

சரி, செறிவு என்றால் என்ன? உப்புக் கரைசலின் செறிவு. செறிவான கட்டுரை. ரேஷன் கடையில் தருகிறார்களே, செறிவூட்டப்பட்ட அரிசி. எல்லாமே நிறைவைச் சொல்பவை. யாரும் யாரையும் அடைக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் வேதியியல் கலைச்சொல் பட்டியலைப் பார்த்ததோடு சரி, முகாமைப் பார்க்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபொன்டைன் முகாமில் லிஸி வான் ஜில் என்று ஒரு சிறுமி. போரிட்டுக்கொண்டிருந்த அப்பா சரணடையாததால் அந்தக் குடும்பத்துக்கு ரேஷன் குறைவு. புகைப்படத்தில் கைகால் குச்சிகுச்சியாக இருக்கிறது, விலா எலும்பை எண்ணிவிடலாம். 1901 மே மாதம், ஏழு வயதில் இறந்தாள். அந்த இடத்துக்கா செறிவு என்று பெயர்?

சிலர் வதை முகாம் என்கிறார்கள்; அதில் கோபம் இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் வதை என்றதும் சாட்டையோடு ஒருவன் மனதில் வந்து நிற்கிறான். போயர் முகாம்களில் 16 வயதுக்கு உட்பட்ட சுமார் 22,000 பிள்ளைகளைக் கொன்றவை தட்டம்மை, சீதபேதி, டைபாய்டு, நெரிசல். முகாம்களை நேரில் பார்க்கப் போன ஆங்கிலேயச் சமூக சேவகி எமிலி ஹாப்ஹவுஸ் சோப்பு கேட்டபோது அது ஆடம்பரப் பொருள் என்றார்கள். சாட்டையைத் தேடுகிற வாசகருக்கு இந்தச் சோப்பு கண்ணில் படாது. அகதி முகாம் என்பதோ அன்றைய அரசே சொன்ன பொய். வீட்டைக் கொளுத்தியவனே இழுத்துவந்து அடைத்தால் அகதியா?

'கோழியை அடைச்சாச்சா?' என்று சாயங்காலம் கேட்கிறோம். மாட்டைப் பட்டியில் அடைக்கிறோம். அடைத்தவன் ஒருவன் உண்டு, உள்ளே இருப்பவர் தானாக வெளியேற முடியாது என்பதெல்லாம் அந்த வினையிலேயே இருக்கிறது. அதனால் அடைப்பு முகாம். முகாம் அரபுச் சொல்தான், இருக்கட்டும். பாசறை என்றால் படைவீரர் தங்குமிடம் ஆகிவிடும்.

அப்புறம் ஒன்று. கறுப்பின மக்களைத் தனி முகாம்களில் வைத்தார்கள். பதிவான மரணங்களே 14,000-க்கு மேல், பெரும்பாலும் குழந்தைகள். அவையும் அடைப்பு முகாம்கள்தாம்.