வால்வு ரேடியோவில் உண்மையான வில்லன் யார்?

பரணிலிருந்து இறக்கிய பழைய ரேடியோவைத் துடைத்துவிட்டு நேராகப் பிளக்கில் செருகிப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் முதல் வேலை. பல செட்டுகளின் கதை முடிவதும் அங்கேதான். பாடாவிட்டால் வால்வு (சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்) போய்விட்டது என்று முடிவுகட்டி, அதைத் தேடி அலைவார்கள். ஆனால் வால்வுகள் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கண்ணாடிக்குள் காற்று புகுந்திருந்தால் மட்டும் உச்சியில் உள்ள வெள்ளிப் பூச்சு வெளுத்துப் பால்நிறமாகிவிடும். கெட்டுப்போவது, மின்னூட்டத்தைச் சேமிக்கும் கண்டன்சர்கள்தான். அதிலும் ஒரு சின்னக் கண்டன்சர் செய்யும் அநியாயம் தனி.

ஸ்பீக்கரை இயக்கும் கடைசி வால்வைப் பார்ப்போம். நிறைய செட்டுகளில் அது ஈஎல் 84. பிலமென்ட் என்ற கம்பி சூடாக்கும் கேத்தோடு என்ற முனையிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி, 250 வோல்ட் அளவில் இருக்கும் ஆனோடு என்ற தகட்டை நோக்கி ஓடும். நடுவில் உள்ள கிரிட் என்ற கம்பி வலை அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும். கிரிட் கேத்தோடைவிட ஏறக்குறைய 7 வோல்ட் குறைவாக இருந்தால் 48 மில்லிஆம்பியர் ஓடும். வால்வு நிம்மதியாக வேலை செய்யும்.

முந்தைய வால்வின் ஆனோடிலிருந்து இந்தக் கிரிட்டுக்கு ஒலிச் சிக்னலைக் கடத்துவது ஒரு 0.01 மைக்ரோஃபாரட் பேப்பர் கண்டன்சர். சிக்னலை விட வேண்டும், டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) வோல்டேஜைத் தடுக்க வேண்டும். மெழுகில் ஊறிய அந்தக் காகிதம் பல ஆண்டுகளில் ஈரத்தை உறிஞ்சி, மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்கும். கசிவு 10 மெகாஓம் என்று வையுங்கள். சாதாரண மீட்டரில் வைத்தால் ‘பரவாயில்லையே’ என்று தோன்றும். ஆனால் முந்தைய ஆனோடில் 100 வோல்ட், கிரிட்டைச் சாசிஸோடு (செட்டின் உலோக அடிச்சட்டம்) இணைக்கும் ரெசிஸ்டர் 1 மெகாஓம் என்றால் கிரிட்டில் 9 வோல்ட் பாசிட்டிவ் வந்து நிற்கும். கட்டுப்பாடு தளர்ந்து, அளவுக்கு மீறிய கரன்ட் ஓடும். ஆனோடுத் தகடு சிவந்துவிடும். விட்டால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் கருகும். அதனால் நல்லதா கெட்டதா என்று ஆராயாமல், அந்த இடத்தில் 630 வோல்ட் தாங்கும் புது பாலியஸ்டர் கண்டன்சரைப் போட்டுவிடுவதே புத்திசாலித்தனம். சில ரூபாய்ச் செலவு.

பவர் சப்ளையில் உள்ள எலக்ட்ரோலிடிக் கண்டன்சர் காய்ந்து போயிருந்தால் ஸ்பீக்கரில் ‘உம்ம்ம்’ என்ற இரைச்சல் கேட்கும். அதையும் மாற்றிவிட்டு, 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு செட்டுக்குக் கரன்ட் கொடுங்கள். பல்பு ஒருமுறை பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள்.

ஏசி, டிசி இரண்டிலும் ஓடும், பவர் டிரான்ஸ்பார்மர் இல்லாத செட்டுகளில் மட்டும் இரட்டிப்புக் கவனம் வேண்டும். யுசிஎச் 81, யுசிஎல் 82 என்று ‘யு’வில் தொடங்கும் வால்வுகள் இருந்தால் அது அந்த வகை. பிலமென்ட்கள் திருவிழா சீரியல் பல்பு மாதிரி வரிசையாக இணைந்திருக்கும். ஒன்று போனால் எல்லாம் அணையும். மெயின்ஸின் ஒரு முனை நேராகச் சாசிஸில் இருப்பதால், பிளக் திரும்பிவிட்டால் சாசிஸிலேயே 230 வோல்ட்! செட்டை மெயின்ஸிலிருந்து பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் தொடவே கூடாது.

இத்தனைக்கும் பிறகு ஸ்டேஷன் எதுவும் வரவில்லையா? ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். வால்யூம் கன்ட்ரோலின் நடு முனையில் ஒலிச் சிக்னல் கொடுத்துப் பாருங்கள். ஸ்பீக்கரில் கேட்டால் அதற்குப் பிந்தைய பகுதி நலம். அடுத்தது, செட்டுக்குள் தானாக ஒரு அலைவரிசையை உண்டாக்கும் ஆசிலேட்டர். ஸ்டேஷன் சிக்னல் அதனோடு கலந்து, இடை அலைவரிசை என்ற நிலையான ஒரு அலைவரிசைக்கு மாறும். இடை அலைவரிசை 455 கிலோஹெர்ட்ஸ் உள்ள செட்டை சென்னை வானொலியின் 720-இல் வைத்தால், ஆசிலேட்டர் இரண்டையும் கூட்டிய 1175-இல் அதிர வேண்டும். பக்கத்தில் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவை அந்த இடத்தில் வைத்து, வால்வு செட்டின் டயலை லேசாக அசையுங்கள். இரைச்சல் சட்டென்று அடங்கினாலோ விசில் கேட்டாலோ ஆசிலேட்டர் உயிரோடு இருக்கிறது. இல்லாவிட்டால் ஆசிலேட்டர் வால்வையும், அலைவரிசைப் பிரிவை மாற்றும் பேண்ட் ஸ்விட்சில் படிந்த அழுக்கையும் பாருங்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம்: ஐஎஃப் (இடை அலைவரிசை) டிரான்ஸ்பார்மரின் திருகுகளைத் ‘திருப்பித்தான் பார்ப்போமே’ என்று தொடாதீர்கள். சோதனைச் சிக்னல் தரும் சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் அவற்றைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது பெரும்பாடு.

பாடத் தொடங்கியதும் கரகரப்பு அதிகமாக இருந்தால், செட்டைக் குறை சொல்லும் முன் வீட்டு எல்இடி பல்புகளையும் மொபைல் சார்ஜர்களையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். மொட்டை மாடியில் பத்து மீட்டர் ஏரியல் கம்பி கட்டினால் இன்னும் நல்லது.