எட்டு நானோமீட்டர் சுவர்: பழைய கணினியை மாற்றுவதற்கு முன்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் 2014-ல் வாங்கிய மேசைக் கணினி. இன்டெல் ஐ3, நான்காம் தலைமுறை. 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். காலையில் பட்டனை அழுத்திவிட்டு காபி போட்டுக் குடித்து முடித்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். "விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது, புதுசு வாங்கித்தான் ஆகவேண்டும் என்கிறார் கடைக்காரர். ஐ5 போதும் என்கிறார் அவர், ஐ7-க்குக் குறைந்து வாங்காதீர்கள் என்கிறான் மகன். நான் எதைப் பார்த்து வாங்குவது?"

பேங்க் வேலை, மின்னஞ்சல், பேத்தியோடு வீடியோ அழைப்பு, கொஞ்சம் தமிழ் டைப்பிங். அவருடைய தேவை இவ்வளவுதான். இதற்கு ஐ5-ஆ ஐ7-ஆ என்ற விவாதமே தேவையில்லை. அவருடைய பழைய ஐ3 விநாடிக்கு 340 கோடி தடவை துடிக்கிறது. 2004-லேயே பென்டியம் 4 பிராசசர் 3.8 கிகாஹெர்ட்ஸை, அதாவது விநாடிக்கு 380 கோடி துடிப்பைத் தொட்டுவிட்டது. அதற்குமேல் போனால் சூடு தாங்காது என்பதால் தயாரிப்பாளர்கள் அந்த ஓட்டத்தை மட்டுப்படுத்திக்கொண்டு, ஒரு சிப்பில் பல மூளைகளை அடுக்க ஆரம்பித்தார்கள். புதிய பிராசசர்கள் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக வேலை செய்கின்றன, உண்மைதான். ஆனால் மின்னஞ்சல் திறக்க ஐந்து நிமிடம் ஆவதற்குப் பழைய பிராசசர் காரணம் இல்லை.

காரணம் ஹார்ட் டிஸ்க். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது, அதாவது விநாடிக்கு 120. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி. நமக்கு வேண்டிய தகவல் படிக்கும் முனைக்கு அடியில் வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அது 4.2 மில்லிவிநாடி. அதற்கு முன்னால் முனையைத் தாங்கும் கை சரியான தடத்துக்கு நகர சுமார் 9 மில்லிவிநாடி. மொத்தம் 13. கேட்பதற்குச் சின்ன எண். ஆனால் அந்த 13 மில்லிவிநாடியில் பிராசசர் 4.4 கோடி தடவை துடித்துவிடும். பெரும்பாலும் சும்மா.

இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை எடுக்கும்போது, ஹார்ட் டிஸ்க்கால் விநாடிக்கு 75 துண்டு எடுக்க முடிந்தால் பெரிது. கணினி விழித்தெழ இருபதாயிரம் துண்டுகள் தேவை என்று வைத்துக்கொள்வோம். நாலரை நிமிடம் ஆகிவிடும். இயங்குதளம் முன்கூட்டியே யோசித்து, வரிசைப்படுத்தி இதைக் குறைக்கப் பார்க்கும். அப்படியும் 4 ஜிபி ரேம் நிரம்பியதும் மீதியை டிஸ்க்கிலேயே எழுதி எழுதி எடுக்கத் தொடங்கிவிடும். அதோடு கதை முடிந்தது. அதே இருபதாயிரம் துண்டுகளை எஸ்எஸ்டியில், அதாவது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் சிப்புகளால் ஆன சேமிப்பகத்தில், எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 0.1 மில்லிவிநாடிதான். இரண்டே விநாடி.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். கணினி மெதுவானால் திரையில் ரைட் கிளிக் செய்து 'ரெஃப்ரெஷ்' கொடுக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. பத்து தடவை, இருபது தடவை அழுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது திரையில் உள்ள ஐகான்களை மறுபடி வரைகிறது, அவ்வளவுதான். வேகம் துளிகூட அதிகரிக்காது. கணினி வகுப்புகளில்கூட இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதுதான் வருத்தம். காரணம் தெரியாமல் ஒரு சடங்கைப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டால், அதைக் கேள்வி கேட்கும் குணத்தையும் சேர்த்தே மழுங்கடித்துவிடுகிறோம். நாள் நட்சத்திரம் பார்ப்பதை மூடநம்பிக்கை என்கிறோம். இதுவும் அதே வகைதான்.

சரி, எஸ்எஸ்டி எப்படி இவ்வளவு வேகம்? உள்ளே சுழலும் பாகம் எதுவும் இல்லை, நகரும் கையும் இல்லை. வெறும் டிரான்சிஸ்டர்கள். 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றில் ஒரு லட்சம் கோடிக்கும் மேல் இருக்கும். டிரான்சிஸ்டர் பள்ளியில் படித்ததுதான்: வாய்க்காலுக்கு மடை மாதிரி, மின்னோட்டம் போகும் பாதைக்கு மேலே ஒரு கதவு. கதவுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் பாதை திறக்கும், எடுத்துவிட்டால் மூடிக்கொள்ளும். எடுத்தவுடன் முன்பு என்ன நிலையில் இருந்தோம் என்பது அதற்கு நினைவிருக்காது. கரண்ட் போனபிறகும் மறக்காத டிரான்சிஸ்டர் வேண்டும்.

1967-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் சீ என்ற இருவர் அதற்கு ஒரு வழி சொன்னார்கள். கதவுக்கும் பாதைக்கும் நடுவில் இன்னொரு கதவை வையுங்கள். ஆனால் அதை எந்தக் கம்பியோடும் இணைக்காதீர்கள். மேலும் கீழும் சுற்றிலும் சிலிக்கன் டை ஆக்சைடு, அதாவது மணலும் கண்ணாடியும் எதனால் ஆனவையோ அதே பொருள். நல்ல மின்காப்பு. நடுவில் அந்தரத்தில் நிற்கும் இந்த மிதக்கும் கதவுக்குள் சில நூறு எலக்ட்ரான்களை அடைத்துவிட்டால் அவற்றால் வெளியே போக முடியாது. அவை எதிர்மின்சுமை கொண்டவை என்பதால், மேல் கதவு கொடுக்கும் மின்னழுத்தத்தைக் கீழே போகவிடாமல் மறைக்கும். பாதையைத் திறக்க வழக்கத்தைவிட அதிக வோல்ட் வேண்டியிருக்கும். ஆகவே நடுத்தரமான ஒரு மின்னழுத்தத்தைக் கொடுத்துப் பார்த்தால் போதும். பாதை திறந்தால் உள்ளே எலக்ட்ரான் இல்லை, அது 1. திறக்காவிட்டால் இருக்கிறது, அது 0. படிப்பது அவ்வளவு சுலபம்.

ஆனால் சுற்றிலும் மின்காப்பு என்றால் எலக்ட்ரான்கள் உள்ளே போனது எப்படி?

இங்கேதான் எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கிறது. அந்த ஆக்சைடுச் சுவரின் தடிமன் சுமார் 8 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). எலக்ட்ரான் அதைத் தாண்ட ஏறவேண்டிய ஆற்றல் சுமார் 3.2 எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பத்தில் எலக்ட்ரானிடம் சாதாரணமாக இருக்கும் வெப்ப ஆற்றல் 0.025 தான். நூறு மடங்குக்கும் மேல் பற்றாக்குறை, ஏறிக் குதிக்க வழியே இல்லை. குவாண்டம் இயற்பியலோ, எலக்ட்ரான் ஓர் அலையும்கூட என்கிறது. அலை சுவரின் முகப்பிலேயே நின்றுவிடுவதில்லை, சுவருக்குள்ளும் கொஞ்சம் நீள்கிறது, போகப்போக வேகமாகத் தேய்கிறது. சுவர் மெல்லியதாக இருந்தால் அலையின் நுனி மறுபக்கம் எட்டிவிடும். எட்டினால், எலக்ட்ரான் ஏறாமலேயே மறுபக்கம் தோன்ற வாய்ப்பு உண்டு. 8 நானோமீட்டரில் அந்த வாய்ப்பு கிட்டத்தட்ட பூஜ்யம்.

இப்போது மேல் கதவுக்கு 20 வோல்ட் கொடுப்போம். அதில் ஒரு பகுதி, 8 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள், இந்தச் சுவரின் மேல் விழுகிறது. நானோமீட்டருக்கு ஒரு வோல்ட்! காற்றில் பொறி பறக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும். இங்கே மீட்டர் கணக்கில் 100 கோடி வோல்ட். இந்தப் பலத்த மின்புலத்தில் ஆற்றல் சுவரின் மேல்விளிம்பு சாய்ந்துவிடுகிறது. நுழையும் இடத்தில் உயரம் அதே 3.2. ஒரு நானோமீட்டர் உள்ளே போனால் 2.2. இரண்டு போனால் 1.2. 3.2 நானோமீட்டர் போனதும் சுவரின் உயரம் எலக்ட்ரானின் ஆற்றலுக்குச் சமமாகிவிடுகிறது, அதற்கப்புறம் அதற்கும் கீழே. அதாவது எலக்ட்ரான் ஊடுருவவேண்டிய தூரம் 8 அல்ல, 3.2 நானோமீட்டர்தான். மீதி 5 நானோமீட்டரும் அதற்குச் சரிவு, தடையே இல்லை. ஊடுருவும் வாய்ப்பு தடிமனைப் பொறுத்து அடுக்குக்குறி வேகத்தில் மாறுவது என்பதால், பூஜ்யமாக இருந்தது திடீரென்று போதுமான அளவு ஆகிவிடுகிறது. எலக்ட்ரான்கள் வரிசையாக உள்ளே போகின்றன. மின்னழுத்தத்தை எடுத்துவிடுங்கள். சுவர் மறுபடி நிமிர்கிறது, 8 நானோமீட்டரும் தடையாகிவிடுகிறது, உள்ளே போனவை ஆண்டுக்கணக்கில் உள்ளேயே இருக்கின்றன. சுவரை யாரும் தொடவில்லை, துளையும் போடவில்லை. வாசல் வேண்டும்போது மட்டும் இருக்கிறது, வேண்டாதபோது இல்லை. நீங்கள் ஒரு கோப்பைச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் வீட்டு மேசையில் இதுதான் நடக்கிறது. அழிக்க வேண்டுமா? மின்னழுத்தத்தைத் திருப்பிக் கொடுத்தால் அதே வழியில் வெளியே வந்துவிடும்.

இந்தக் கணக்கை 1928-ல் போட்டவர்கள் ரால்ஃப் ஃபௌலர், லோதர் நோர்தைம். சூடாக்கப்படாத உலோகத்திலிருந்து பலத்த மின்புலத்தில் எலக்ட்ரான்கள் ஏன் வெளியே வருகின்றன என்பதுதான் அவர்களுடைய கேள்வி. கணினி என்ற பொருளே அன்று கிடையாது. சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்துவிட்டு 1930-ல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறிய, விண்மீன்களின் முடிவை ஆராய்ந்த சுப்ரமணியன் சந்திரசேகர் ஆய்வு மாணவராகச் சேர்ந்தது இந்த ஃபௌலரிடம்தான். விண்மீனின் முடிவும் வீட்டுக் கணினியின் நினைவகமும் ஒரே அறையில் சந்தித்துக்கொண்ட காலம் அது. இன்று நம் நாடு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆய்வுக்குச் செலவிடுவது 0.64 சதவீதம். 2020-21-க்கான அரசுக் கணக்கு இது. தென்கொரியா செலவிடுவது சுமார் 5 சதவீதம். உலகின் பெரிய நினைவகச் சிப் தயாரிப்பாளர்கள் இருவர் அந்த நாட்டில் இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்றே நினைக்கிறேன். 'இதனால் என்ன பயன்' என்று முதல் நாளிலேயே கேட்டு, பதில் இல்லாவிட்டால் பணம் இல்லை என்று ஃபௌலரைத் திருப்பி அனுப்பியிருந்தால், இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

அப்புறம் வந்தவர் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா. 1984-ல், இந்த மிதக்கும் கதவு டிரான்சிஸ்டர்களால் ஆன ஃபிளாஷ் நினைவகத்தை அறிமுகப்படுத்தினார். 1987-ல் செல்களை, அதாவது அந்த டிரான்சிஸ்டர்களை, சரமாகக் கோத்து இடத்தை மிச்சப்படுத்தும் நேண்ட் வகை வந்தது. இன்று எல்லா எஸ்எஸ்டியிலும், போனிலும், பென் டிரைவிலும் இருப்பது அதுதான். தனக்கு உரிய பங்கு தரப்படவில்லை என்று அவர் வழக்குத் தொடர, 2006-ல் 8 கோடியே 70 லட்சம் யென்னில் சமரசமானது. அந்தக் கண்டுபிடிப்பின் அளவுக்கு அது மிகச் சிறிய தொகை.

இனி வாங்கும் விஷயம். எலக்ட்ரான் சுவரை ஊடுருவும் ஒவ்வொரு தடவையும் ஆக்சைடில் சின்னச் சேதம் விழுகிறது. ஒரு செல்லில் ஒரே ஒரு பிட், அதாவது ஒரே ஒரு 0 அல்லது 1, வைத்தால் லட்சம் தடவை எழுதலாம். மூன்று பிட் வைக்க வேண்டுமென்றால் எலக்ட்ரான் எண்ணிக்கையை 8 படிகளாகப் பிரித்தறிய வேண்டும், சேதம் கொஞ்சம் கூடினாலே படிகள் குழம்பும். இந்த டிஎல்சி வகை தாங்குவது ஆயிரம் முதல் மூவாயிரம் தடவை. நான்கு பிட் என்றால் 16 படி, இன்னும் குறைவு. பயப்பட வேண்டாம், எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப் எழுதும் வேலையை எல்லா செல்களுக்கும் சமமாகப் பங்கிடுகிறது. 500 ஜிபி டிஎல்சி எஸ்எஸ்டி பலவற்றுக்கு 300 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் தருகிறார்கள். தினம் 20 ஜிபி எழுதினாலும் 41 வருடம். புதிய சிப்புகளில் செல்களை மாடி மாடியாக 200 அடுக்குக்கும் மேல் கட்டுகிறார்கள். பலவற்றில் மிதக்கும் கதவுக்குப் பதில் சிலிக்கன் நைட்ரைடு ஏடு. அடிப்படை அதேதான்.

வாசகருக்கு என் யோசனை இரண்டு. கையில் இருக்கும் கணினிக்கு ஒரு 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியும் (ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே இணைப்பில் மாட்டும் வகை), ரேமை 8 ஜிபி ஆக்க ஒரு டிடிஆர்3 துண்டும் வாங்கிப் போடுங்கள். அந்தக் காலத்து மதர்போர்டுக்குச் சாட்டாதான் பொருந்தும், என்விஎம்இ என்ற வேகமான, விலை கூடிய புதிய வகை வேண்டாம். நான்காம் தலைமுறை பிராசசரை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்காது, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறது. அதனால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். பேங்க், வீடியோ அழைப்பு, தமிழ்த் தட்டச்சு மூன்றும் அதில் நடக்கும். விண்டோஸ் 10-ஐ விட மனமில்லை என்றால், மைக்ரோசாஃப்டின் நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டு 2026 அக்டோபர் வரை ஓட்டலாம். அதற்கு மேல் பேங்க் வேலைக்கு அதை நம்பாதீர்கள்.

புதுசேதான் வேண்டுமென்றால், பெட்டியில் ஒட்டியிருக்கும் ஐ5, ஐ7 ஸ்டிக்கரை விட்டுவிட்டு மற்றவற்றைக் கேளுங்கள். டிஸ்க் என்விஎம்இ எஸ்எஸ்டியா? விலை மலிந்த லேப்டாப்களில் 64 ஜிபி இஎம்எம்சி என்று ஒன்று வரும், அதுவும் ஃபிளாஷ்தான், ஆனால் வேகமும் இடமும் போதாது, வாங்காதீர்கள். ரேம் 16 ஜிபி இருந்தால் நல்லது, 8-தான் கட்டுப்படியாகிறது என்றால் பின்னால் சேர்க்க ஸ்லாட் இருக்கிறதா என்று பாருங்கள். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம், எஸ்எஸ்டி விலை ஏறிக்கிடக்கிறது. முதல் யோசனையை முன்னால் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எந்த வழியில் போனாலும் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். எஸ்எஸ்டியில் அடைபட்ட எலக்ட்ரான்கள் மின்சாரம் இல்லாமல் நெடுங்காலம் கிடந்தால் மெல்லக் கசியும். செல்கள் தேய்ந்திருந்தாலும் அறை சூடாக இருந்தாலும் இன்னும் சீக்கிரம். கல்யாண போட்டோக்களை எஸ்எஸ்டியில் மட்டும் போட்டு, கத்திரி வெயிலில் கொதிக்கும் மாடி அறை பீரோவில் வருடக்கணக்கில் வைப்பது சரியில்லை. ஹார்ட் டிஸ்க்கின் காந்தப் பதிவுக்கு இந்தக் கசிவு கிடையாது. கடையில் 3.5 அங்குல டிஸ்க்குக்கான யூஎஸ்பி கேஸ், தனி அடாப்டரோடு கேட்டு வாங்குங்கள், பழைய டிஸ்க்கை அதில் மாட்டிவிடுங்கள். பத்து வருடத்துக்கும் மேல் ஓடிய டிஸ்க் என்பதால் அதை மட்டும் நம்பாமல், முக்கியமானவற்றுக்கு இன்னொரு நகலும் எடுத்துவிடுங்கள். மாதம் ஒரு தடவை இணைத்து நகலெடுத்ததும் கழற்றி வைத்துவிட வேண்டும், எப்போதும் சொருகி வைக்கக் கூடாது.