யிப்ஸ்: கைப்பழக்கப் பிசகு

பல்லாயிரம் முறை பழகித் தேர்ந்த ஒரு செயல், காயமோ களைப்போ இல்லாதபோதும், செய்ய வேண்டிய கணத்தில் திடீரென்று கைக்குக் கட்டுப்படாமல் போவதை ஆங்கில விளையாட்டு வழக்கில் ‘யிப்ஸ்’ என்கிறார்கள். மற்றத் தவறுகள் நேர்ந்து மறைந்துவிடும். இதுவோ அதே செயலில் திரும்பத் திரும்ப வரும்.

சொல் வேரூன்றியது கோல்ஃபில். எடின்பரோவில் பிறந்து, 1927-இல் அமெரிக்க ஓப்பனையும் 1931-இல் பிரிட்டிஷ் ஓப்பனையும் வென்ற டாமி ஆர்மர்தான் இதைப் பரப்பியவராகக் கருதப்படுகிறார். நாய்க்குட்டி குரைக்கும் ஒலியைக் குறிக்கும் ‘யிப்’ என்ற சொல் ஆங்கிலத்தில் முன்பே இருந்தாலும், அதுதான் இதன் வேர் என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை.

கோல்ஃப் குழியின் குறுக்களவு ஏறத்தாழ 10.8 சென்டிமீட்டர். ஒரு மீட்டர் தொலைவிலிருந்து பந்தை அதில் உருட்டிவிடுவது தொழில்முறை ஆட்டக்காரருக்குப் பெரிய வேலையன்று. ஆனால் யிப்ஸ் பிடித்தவருக்கு, மட்டை பந்தைத் தொடும் அந்த நொடியில் மணிக்கட்டு தானாகச் சுண்டி இழுக்க, பந்து குழியைத் தாண்டி ஓடிவிடும். ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர் பலமுறை இதற்கு ஆளாகி, மட்டையைப் பிடிக்கும் முறையையே மாற்றிமாற்றிப் போராடியவர். அவரே 1985-லும் 1993-லும் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார் என்பதால், இதைத் திறமைக் குறைவு என்று எவரும் தள்ளிவிட முடியாது.

ஆய்வாளர்கள் இரு காரணங்களைச் சொல்கிறார்கள். ஒன்று, ஒரே நுண்ணசைவை ஆண்டுக்கணக்கில் செய்தவர்களுக்கு அந்தச் செயலின்போது மட்டும் தசைகள் தாமாக இறுகும் நரம்பியல் கோளாறு. இசைக் கலைஞர்களின் விரல்களுக்கும் இது வருவதுண்டு. மற்றொன்று, தோல்வி அச்சத்தால், தன்னியல்பாக நடக்க வேண்டிய அசைவை மனம் துண்டுதுண்டாகக் கண்காணிக்கத் தொடங்குவது: படியிறங்கும்போது ஒவ்வோர் அடியையும் யோசித்து வைத்தால் கால் இடறுவதைப் போல. புதிதாகக் கற்பவரைவிட நெடுங்காலம் ஆடியவரையே இது பெரிதும் தாக்குவதன் காரணமும் இதில் விளங்கும். தன்னியல்பான அசைவு அமைந்தவருக்குத்தானே அது குலையவும் முடியும்?

2000-ஆம் ஆண்டு பேஸ்பால் பிளேஆஃப் ஆட்டத்தில், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் 21 வயது எறிவாளர் ரிக் ஆங்கியல் ஒரே இன்னிங்ஸில் ஐந்து பந்துகளைப் பிடிப்பவருக்கு எட்டாதபடி எறிந்தார். பின்னர் எறிதலையே கைவிட்டு, 2007-இல் மட்டையாளராக மீண்டு வந்தார். வட்டப் பலகையில் சிற்றம்பு எறியும் டார்ட்ஸ் விளையாட்டில் ஐந்து முறை உலக வாகையரான எரிக் பிரிஸ்டோவுக்கு விரல்களிலிருந்து அந்த அம்பை விடுவிக்கவே இயலாமல் போனதை டார்ட்ஸ் உலகம் ‘டார்டைட்டிஸ்’ என்றது.

தமிழில் இதைக் ‘கைநடுக்கம்’ என்று எழுதுவது பொருந்தாது. நடுக்கம் முதுமையிலும் நோயிலும் எந்த வேலையின்போதும் வரக்கூடியது. ‘பதற்றம்’ என்பதோ காரணங்களுள் ஒன்றை மட்டுமே சுட்டும். பயிற்சியால் கை பெறும் தேர்ச்சிக்குக் ‘கைப்பழக்கம்’ என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. எண்ணாமல் நேரும் தவறைப் ‘பிசகு’ என்கிறோம். இரண்டையும் சேர்த்துக் ‘கைப்பழக்கப் பிசகு’ என்று எழுதுவதே சரியெனக் கருதுகிறேன். முக்கியமான கட்டத்தில் ஒருமுறை ஆட்டம் கைநழுவுவதற்கு இச்சொல்லைப் பயன்படுத்தக் கூடாது; அதற்குத் ‘தடுமாற்றம்’ போதும்.