நாலே மாத்திரையில் ஓடிய கால் வலி

பவானிப் பக்கமிருந்து நான்கு வயதுப் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த அம்மாயி, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காகிதப் பொட்டலத்தை என் மேசையில் வைத்தார். அட்டை இல்லை, பெயர் இல்லை. பாதி பாதியாக உடைத்த சின்ன வெள்ளை மாத்திரைகள். கால் வலிக்கும் விட்டுவிட்டு வந்த காய்ச்சலுக்கும் கடையில் சொல்லி வாங்கியது. "நாலே மாத்திரைங்க சாமி, எழுந்து ஓடினானுங்க. பத்து நாள் கழித்து மறுபடியும் படுத்துவிட்டானுங்க."

கடைக்குப் போன் செய்து கேட்டேன். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு.

அம்மாயி சொன்னதில் பொய் இல்லை. பையனுக்கு இருந்தது குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் லிம்ஃபோபிளாஸ்டிக் வகை ரத்தப் புற்றுநோய். அந்தச் செல்களுக்குள் ஸ்டீராய்டு ஹார்மோனுக்கான ஏற்பிகள் உண்டு. உடம்பு தானே சுரக்கும் கார்ட்டிசாலுக்கு உரிய இடம் அது. மாத்திரையும் அங்கேயே போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் ஏற்பி உட்கருவுக்குள் நுழைந்து, செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. மனிதரின் ரத்தப் புற்றுநோய்ச் செல்களில் இந்த ஏற்பி இருப்பதை 1973இலேயே காட்டிவிட்டார்கள். (மைலாய்டு என்ற இன்னொரு வகை ரத்தப் புற்றுநோயில் ஏற்பி இருந்தும் ஸ்டீராய்டு பெரும்பாலும் எடுபடுவதில்லை. கதவு இருக்கிறது, உள்ளே சொல் கேட்க ஆள் இல்லை.)

ஆனால் நாலு மாத்திரை நோயைத் தீர்க்காது, ஒளித்துவைக்கும். பெரிய உட்கருவும் அதைச் சுற்றி நூலிழை போன்ற விளிம்புமாகப் பிளாஸ்ட் எனப்படும் முதிராத புற்றுநோய்ச் செல்கள், ரத்தம் தடவிய கண்ணாடித் தகட்டில் வழக்கமாகக் கூட்டமாகத் தென்படும். இவன் தகட்டில் அரை மணி நேரம் தேடி இரண்டைத்தான் பிடித்தேன். எலும்பு மஜ்ஜை எடுத்த பிறகே உறுதியானது. இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு வாரம் ஸ்டீராய்டு கொடுத்து, எட்டாம் நாள் ரத்தத்தில் மைக்ரோலிட்டருக்கு 1000 பிளாஸ்ட்டுக்குக் கீழே இறங்கியதா என்று பார்த்து நோயின் வீரியத்தைக் கணிக்கும் முறை இருக்கிறது. முன்பே விழுங்கிய மாத்திரை அந்தக் கணக்கைக் கலைத்துவிடும்.

தூக்கத்தில் எழுப்பும் கால் வலி, வெளிறிய முகம், அடிபடாமலே கன்றிய தோல், விடாத காய்ச்சல் இருந்தால், ஸ்டீராய்டுக்கு முன்னால் முழு ரத்த எண்ணிக்கையும் ஸ்மியரும் (தகட்டில் ரத்தம் தடவிப் பார்ப்பது) பாருங்கள். வேறு நோய்க்காக மருத்துவர் எழுதிய ஸ்டீராய்டை இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்திவிட வேண்டாம், அதுவும் ஆபத்து.

சிகிச்சைச் சீட்டை மகள் படித்துக் காட்டியபோது அம்மாயி நிமிர்ந்து பார்த்தார். "அதே மாத்திரைதானுங்களா?"

"அதேதானுங்க அம்மா. இந்தத் தடவை அளவு பார்த்து, வாரந்தோறும் ஊசியோடு சேர்த்து."

பொட்டலத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார்.