ஆணியைப் பிடுங்க அவசரப்படாதீர்கள்

மோட்டார் சைக்கிளின் பின் டயரில் ஆணி ஏறியிருப்பதைக் கண்டதும் கை குறட்டைத் தேடும். டியூப் இல்லாத டயர் என்றால் அந்தக் கையை அடக்கிக்கொள்ள வேண்டும். காற்றை அப்போதைக்கு அடைத்து வைத்திருப்பதே அந்த ஆணிதான்.

டியூப், காற்றடித்த நிலையில் எப்போதும் இழுபட்டே இருக்கும் மெல்லிய இறப்பர். அதில் துளை விழுந்தால் அந்த இழுவிசையே துளையை அகட்டிவிடும். காற்றும் ரிம்மிலுள்ள கம்பித் துளைகள் வழியே நொடிகளில் வெளியேறும். டியூப் இல்லாத டயரிலோ தடித்த இறப்பர் ஆணியை நாலாபுறமும் நெருக்கிப் பிடிக்கிறது. காற்று மெல்லக் கசியும். சில வேளை நாட்கணக்கில் கசியும். காற்றடித்துக்கொண்டு, மெதுவாகப் பக்கத்து டயர் கடை வரை போய்விடலாம். டியூப் உள்ள வண்டியை அப்படி ஓட்டினால் டயர் ரிம்மின் மேல் நழுவி டியூபையும் இழுக்கும்; வால்வு அடியோடு கிழியும். பிறகு ஒட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது.

கொழும்பின் காலி வீதியில் இரண்டு பஸ்களுக்கு நடுவே காற்றுப் போனால் பிரேக்கை அழுத்தத்தான் தோன்றும். காற்றுப் போன சக்கரத்தின் பிரேக்கை அழுத்தினால் டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து கழன்றுகொள்ளக்கூடும். வேகத்தைத் தானாகக் குறையவிட்டு, மற்றச் சக்கரத்தின் பிரேக்கை மென்மையாகப் பிடித்து ஓரங்கட்டுவதே நல்லது. மழைக்காலத்தில் இந்தத் தொல்லை கூடும். ஈரம் பட்ட இறப்பரைக் கூர்மையான பொருள் சுலபமாக வெட்டும். கிடந்த ஆணியை முன்சக்கரம் நிமிர்த்திவிட, பின்சக்கரம் அதை வாங்கிக்கொள்கிறது.

பஞ்சர் ஒட்டுவதில், துளையை அடைக்கும் பிசுபிசுப்பான பழுப்பு நிறக் கயிறுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதன் இரகசியம் இறப்பரில் இருக்கிறது. இலங்கையின் முதல் இறப்பர் கன்றுகள் 1876இல் நடப்பட்டது கொழும்புக்கு அருகே, கம்பஹாவின் ஹெனரத்கொடவில். மரத்துப் பால் இறப்பர் வெப்பத்தில் ஒட்டும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அதன் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து உறுதிப்படும் என்பதை 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டறிந்தார். டயர் அப்படிப் பிணைக்கப்பட்ட இறப்பர். கயிற்றிலோ, பிணைக்கப்படாத இறப்பரை வேண்டுமென்றே ஊறவைத்திருக்கிறார்கள். ஆணியைப் பிடுங்கி, துளையை அரம் போன்ற கருவியால் சொரசொரப்பாக்கி, மடித்த கயிற்றைச் செருகினால் அது துளையின் வடிவத்துக்கே நசுங்கி ஒட்டிக்கொள்ளும். தரையில் உருளும் பகுதியில், சுமார் 6 மில்லிமீற்றர் வரையான துளைகளுக்கே இது சரிவரும். பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்வதால் கயிறு அங்கே நிலைக்காது; முச்சக்கரவண்டி பிடிக்க வேண்டியதுதான்.

அடுத்தது காற்று. டயரை நிரப்ப எடுத்துச் செல்லும் 16 கிராம் காபனீரொட்சைட்டுக் குப்பி சுமார் 9 லீற்றர் வாயுவைத் தரும். சாதாரண பின் டயரின் கொள்ளளவு ஏறத்தாழ 10 லீற்றர். ஆகவே ஒரு குப்பியால் கிடைக்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 13 இறாத்தலைத் தாண்டாது. தேவையோ 30க்கு மேல். ஒரேயொரு குப்பியை நம்பிப் புறப்படுபவர்கள் பாவம். சிறிய மின்பம்பி மெதுவாக வேலை செய்தாலும் தீர்ந்துபோகாது. காற்று நிறைந்ததும் கயிற்றின் மேல் எச்சில் தடவிப் பாருங்கள். குமிழி எழும்பினால் இன்னொரு கயிறு வேண்டும்.