அசையாத பந்தின் முன்: கோல்ப் அடிக்கு முந்திய ஒழுங்கு

கிரிக்கெட்டில் பந்து வருகிறது, துடுப்பாட்ட வீரர் அதற்குப் பதில் கொடுக்கிறார். கரப்பந்தாட்டத்திலும் அப்படித்தான். கோல்பில் பந்து புல்லின் மேல் அசையாமல் கிடக்கிறது. எப்போது தொடங்க வேண்டும் என்பதை ஆட்டக்காரருக்கு வெளியிலிருந்து எதுவும் சொல்வதில்லை. திருகோணமலையில் என்னிடம் கோல்ப் பழக வருவோரில் பெரும்பாலானோர் பாடசாலைக் காலத்தில் கிரிக்கெட்டோ எல்லேயோ நன்றாக விளையாடியவர்கள். தோள் வலிமைக்கும் கண்ணும் கையும் ஒத்துழைப்பதற்கும் அவர்களிடம் குறைவில்லை. இருந்தும், பயிற்சி இடத்தில் நேராகப் போன பந்து போட்டி நாளில் மணற்குழியையே தேடிப் போகிறது. உடனே ஸ்விங்கில், அதாவது மட்டையை வீசும் முறையில், பிழை என்பார்கள்; சிலர் கொழும்புக்குப் போய்ப் புதிய மட்டை வாங்கி வருவார்கள். என் அவதானிப்பில் இத்தகைய அடிகளில் பெரும்பாலானவை மட்டை நகர்வதற்கு முன்னரே கெட்டுப்போனவை.

ஒரு முழு ஸ்விங், மட்டை பின்னோக்கி நகரத் தொடங்கியதிலிருந்து பந்தைத் தொடும் வரை, ஒரு செக்கனுக்குச் சற்று அதிகமாகவே எடுக்கும். 18 குழிகள் கொண்ட ஒரு சுற்றை 90 அடிகளில் முடிப்பவர் நான்கு மணித்தியாலங்கள் திடலில் நின்றாலும் உண்மையாக மட்டையை வீசுவது ஏறத்தாழ இரண்டு நிமிடங்கள்தான். மீதி நேரம் முழுவதும் நடை, பேச்சு, யோசனை. அந்த நீண்ட யோசனை நேரத்திலிருந்து அந்தச் சிறிய செயல் நேரத்துக்குள் எப்படி நுழைவது என்பதற்கு ஆட்டக்காரர் தனக்கென அமைத்துக்கொள்ளும் மாறாத படிவரிசையையே நாங்கள் அடிக்கு முந்திய ஒழுங்கு என்கிறோம். திடலில் ‘ரூட்டீன்’ என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

இந்த ஒழுங்கின் வேலை ஒன்றே ஒன்றுதான்: முடிவெடுப்பதையும் அடிப்பதையும் ஒன்றோடொன்று கலக்க விடாமல் பிரித்து வைப்பது. பயிற்றுநர்களான சுவீடனின் பியா நில்சனும் அமெரிக்காவின் லின் மேரியட்டும் தங்கள் பயிற்சி முறையில் பந்துக்குப் பின்னால் ஒரு கோடு இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளச் சொன்னார்கள். கோட்டுக்கு இப்பால் நிற்கும்வரை யோசிக்கலாம். தூரம், காற்று, மட்டை, பந்து விழ வேண்டிய இடம் எல்லாவற்றையும் இங்கேயே தீர்மானித்துவிட வேண்டும். கோட்டைத் தாண்டிப் பந்தருகே போன பின்னர் யோசனைக்கு அனுமதி இல்லை. 2001 ஆம் ஆண்டில் பெண்களுக்கான தொழில்முறைச் சுற்றுப்போட்டி ஒன்றில் 59 அடிகளில் ஒரு சுற்றை முடித்த அனிக்கா சோரன்ஸ்டாம், நில்சனின் வழிகாட்டலில் வளர்ந்தவர். இந்தக் கோட்டின் பொருளை இங்கே விளக்குவதற்கு எனக்குச் சிரமமே இருப்பதில்லை. தம்பலகாமக் குடாவில் வீச்சுவலை வீசுபவர் தண்ணீரை எவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டு நிற்பார், வலையை முழங்கையிலும் தோளிலும் மடித்துச் சரிசெய்வார். ஆனால் உடலைத் திருப்பத் தொடங்கிய பின்னர் மீன் எங்கே என்று மறுபடி யோசிக்கமாட்டார்.

கோட்டுக்கு இப்பால் செய்ய வேண்டியவற்றில் நமது ஊருக்கு மிக முக்கியமானது காற்று. சீனக்குடாவில் விமானப்படையின் ஈகிள்ஸ் கோல்ப் திடலில் விளையாடியவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆண்டின் நடுப்பகுதியில் கச்சான் தரைப்பக்கத்திலிருந்து சூடாகவும் வறண்டும் வீசுகிறது. சில நாட்களில் பிற்பகலானதும் கடற்காற்று அதற்கு எதிர்த்திசையில் எழுகிறது, ஆகவே காலையில் ஒரு குழிக்கு எடுத்த மட்டை மாலையில் அதே குழிக்குப் பொருந்தாது. மார்கழி, தை மாதங்களில் வாடை. காற்றைக் கண்டறிய நான் சொல்லித்தரும் வரிசை எளியது. முதலில் குழியில் நட்டிருக்கும் கொடியின் துணியையும் அதன் பின்னாலுள்ள மரங்களின் உச்சியையும் பார்க்க வேண்டும், ஏனெனில் பந்து பறக்கப்போவது அந்த உயரத்தில்தான். நீர் தெரியும் இடமாக இருந்தால் அதன் மேற்பரப்பு எந்தப் பக்கமாகச் சுருங்கி நகர்கிறது என்பதையும் கவனிக்கலாம். கடைசியாகத்தான் ஒரு சிட்டிகைப் புல்லைப் பிய்த்து விட்டுப் பார்ப்பது. புல்லைப் பறக்கவிடுவதற்கு விதிகள் இடம் தருகின்றன, பவுடர் போன்ற செயற்கைப் பொருளால் காற்றை அறிவதற்கு இடம் தருவதில்லை. எதிர்காற்று பந்தின் தூரத்தைக் குறைக்கும் அளவுக்குப் பின்காற்று அதைக் கூட்டுவதில்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எதிர்காற்றில் பலத்தைக் கூட்டி அடிப்பவருக்குப் பந்தின் பின்சுழற்சியும் கூடுகிறது, பந்து மேலெழுந்து நின்று அதே இடத்தில் விழுகிறது. ஒன்று அல்லது இரண்டு எண் குறைந்த, அதாவது நீளமான, மட்டையை எடுத்து மென்மையாக வீசுவதே சரியான தீர்மானம். ஆனால் அந்தத் தீர்மானம் பையிலிருந்து மட்டையை உருவும்போது எடுக்கப்பட வேண்டியது. பந்தின் மேல் குனிந்து நிற்கும்போது ‘இது போதுமா’ என்ற ஐயம் எழுந்தால், கைகள் தாமாகவே அந்த ஐயத்துக்கு ஏற்ப அவசரப்படும்.

அடுத்தது குறி. 150 மீற்றர் தூரத்தில் 5 பாகை பிசகினால் பந்து ஏறத்தாழ 13 மீற்றர் விலகிப் போகும். ஸ்விங் எவ்வளவு அழகாக இருந்தாலும் குறி பிழைத்தவருக்கு அது உதவாது. அதைவிடத் தீங்கானது, குறி பிழைத்திருப்பதை அறியாமல் அதைச் சரிக்கட்டும் வகையில் ஸ்விங்கை வளைத்துக்கொள்வது. ‘மேஜர்’ எனப்படும் முதன்மைப் போட்டிகளில் 18 பட்டங்களை வென்ற ஜாக் நிக்லஸ் பந்துக்குப் பின்னால் நின்று இலக்கைப் பார்த்து, அந்தக் கோட்டில் பந்துக்குச் சில அடிகள் முன்னால் கிடக்கும் ஒரு சருகையோ புல் பெயர்ந்த அடையாளத்தையோ தெரிவு செய்துகொள்வார். பிறகு தொலைவிலுள்ள கொடிக்குப் பதிலாக அந்த அண்மைக் குறிக்கே மட்டையை நேர்ப்படுத்துவார். இதற்கு எவ்விதச் செலவும் இல்லை, புதியவர்களுக்கு இதைவிட விரைவாகப் பலன் தரும் வழக்கம் வேறொன்றை நான் கண்டதில்லை. வரிசை மட்டும் மாறக்கூடாது: மட்டையின் முகம் முதலில், கால்கள் பிறகு. கால்களை முதலில் ஊன்றிவிட்டால் மட்டை கால்களுக்குக் கட்டுப்படும். வலக்கைக்காரர் தன் பாதங்களின் கோடு கொடியையே சுட்ட வேண்டும் என எண்ணுவதும் ஒரு பொதுவான பிழை. பாதக்கோடு பந்தின் கோட்டுக்கு இணையாக, சற்று இடப்புறமாகச் செல்ல வேண்டும்.

தரையில் மட்டையொன்றைக் கிடத்திக் கால்களை நேர்ப்படுத்துவது பயிற்சிக்கு மிக நல்லது, ஆட்டத்தில் அதற்கு இடமில்லை. 2019 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த விதிகளின் 10.2 ஆவது பிரிவு, பாதங்களையோ உடலையோ நேர்ப்படுத்த உதவும் பொருளை வைத்து அதன்படி நிற்பதைத் தடுக்கிறது. ஆட்டக்காரர் அடிப்பதற்காக நிலையெடுக்கத் தொடங்கிய பின்னர், பையைச் சுமந்து வரும் கெடி வேண்டுமென்றே அவருக்குப் பின்னால் கோட்டில் நின்று குறி சரிபார்ப்பதையும் அதே பிரிவு தடுக்கிறது. ஆகவே குறிபார்த்தல் ஆட்டக்காரரின் சொந்த ஒழுங்குக்குள் இருந்தே ஆக வேண்டும்.

கோட்டைத் தாண்டிய பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மட்டையின் முகத்தை வைப்பது, கால்களை ஊன்றுவது, இலக்கை ஒருமுறை அல்லது இருமுறை பார்ப்பது, மூச்சை மெதுவாக விடுவது, தொடங்குவது. தொடங்குவதற்கென ஒரு சிறிய அசைவு வைத்துக்கொள்வது பலருக்கு உதவுகிறது: மணிக்கட்டை இலேசாக ஆட்டுவது, முன்கைகளைச் சற்றே இலக்கின் பக்கமாகத் தள்ளுவது போன்றவை. அசையாத நிலையிலிருந்து திடீரென நகர்வதைவிட ஏற்கெனவே இருக்கும் சிறு அசைவிலிருந்து நகர்வது உடலுக்கு எளிது. இந்த அசைவு எண்ணிக்கையில் கட்டுக்குள் இருக்க வேண்டும். 2002 ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் பெத்பேஜ் திடலில் நடந்தபோது, ஸ்பெயின் ஆட்டக்காரர் செர்ஜியோ கார்சியா மட்டையின் பிடியை மீண்டும் மீண்டும் இறுக்கித் தளர்த்திக்கொண்டிருக்க, பார்வையாளர்கள் அதை உரக்க எண்ணத் தொடங்கினார்கள். ஒழுங்கு என்ற பெயரில் தொடங்கியது ஒழுங்கைவிட்டு வெளியேற முடியாத நிலையாக மாறிவிடக்கூடும் என்பதற்கு அது உலகறிந்த உதாரணம். பந்தின் மேல் நீண்ட நேரம் உறைந்து நிற்பவரின் பிடியைத் தொட்டுப் பார்த்தால் முன்கை முழுவதும் இறுகியிருக்கும்.

குழியைச் சுற்றிப் புல் ஒட்ட வெட்டப்பட்ட ‘கிறீனில்’ பந்தை உருட்டும்போது கண்ணின் ஒழுங்கும் சேர்ந்துகொள்கிறது. கனடாவின் ஜோன் விக்கர்ஸ் கோல்ப் ஆட்டக்காரர்களின் பார்வையை ஆராய்ந்தபோது, திறமையானவர்கள் அடிப்பதற்குச் சற்று முன்பிருந்தே பந்தின் மீது பார்வையை நிலையாக வைத்திருப்பதையும், திறமை குறைந்தவர்களின் கண் அங்குமிங்கும் தாவுவதையும் கண்டார். ஒரு மீற்றர் தூரத்துப் பந்துகளுக்கு இது குறிப்பாகப் பொருந்தும். துரதிர்ஷ்டவசமாக, அந்தத் தூரத்தில்தான் பெரும்பாலானோர் ஒழுங்கையே கைவிட்டு, நடந்து வந்த வேகத்திலேயே தட்டிவிட்டுத் தவறவிடுகிறார்கள்.

இவ்வளவையும் செய்தால் ஆட்டம் இழுபடாதா என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். தடையோ கவனச்சிதறலோ இன்றி அடிக்கக்கூடிய நிலை வந்த பின்னர் 40 செக்கன்களுக்குள் அடித்துவிடுமாறு விதிகள் பரிந்துரைக்கின்றன. நால்வர் கொண்ட குழுவில் ஒவ்வொருவரும் ஒவ்வோர் அடிக்கும் 10 செக்கன்கள் கூடுதலாக எடுத்தால், ஆளுக்கு 90 அடிகள் எனக் கொண்டாலும் ஆட்டம் ஒரு மணித்தியாலம் நீளும். ஆகவே மற்றவர் அடிக்கும்போதே, அவருக்கு இடையூறின்றி, உங்கள் காற்றையும் தூரத்தையும் கணித்துவிடுங்கள். நன்றாக அமைந்த ஒழுங்கு ஆட்டத்தை வேகப்படுத்துகிறது என்பதே என் அனுபவம். தாமதம் செய்வோர் ஒழுங்கில்லாதவர்களே, அவர்கள் மூன்று தடவை பயிற்சி வீச்சு வீசிவிட்டு மட்டையை மாற்றப் பைக்குத் திரும்புவார்கள்.

இடையில் குழப்பம் வந்தால் பின்வாங்க வேண்டும். சீனக்குடாவில் பயிற்சி விமானம் தலைக்கு மேல் திரும்பும், பக்கத்தில் யாராவது இருமுவார், கொடி திடீரென மறுபக்கம் படபடக்கும். மரியாதைக்கு அஞ்சி அப்படியே அடித்துவிடுவோர் அநேகர். அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் தன் மேலதிகாரியுடன் விளையாடும்போது இந்தக் கூச்சம் இரட்டிப்பாகும். விலகி, கோட்டுக்கு இப்பால் வந்து, வரிசையின் முதலிலிருந்து தொடங்க வேண்டும்; பாதியிலிருந்து தொடர்வது பயன் தராது.

ஒழுங்கு பயிற்சியில் உருவாகாவிட்டால் போட்டியில் தோன்றாது. பயிற்சி இடத்தில் ஒரு கூடைப் பந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக, மூச்சு விடும் இடைவெளிகூட இல்லாமல் அடித்துத் தள்ளுவதில் வியர்வைதான் மிஞ்சும். ஸ்விங்கில் ஒரு நுணுக்கத்தைப் பழகும்போது அப்படி அடிப்பதில் தவறில்லை. ஆனால் கூடையின் கடைசிப் பகுதியையாவது, ஒவ்வொரு பந்துக்கும் இலக்கை மாற்றி, மட்டையை மாற்றி, பந்துக்குப் பின்னால் போய் நின்று முழு வரிசையுடன் அடிக்க வேண்டும். நண்பர் ஒருவரிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்து, பையிலிருந்து மட்டையை உருவும் கணம் முதல் பந்தைத் தொடும் வரை ஒரு சுற்றில் பல அடிகளைப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். நேரத்தை அளந்து பார்த்தால், நல்ல அடிகளின் நேரங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கியிருப்பதையும், கெட்ட அடிகள் மிகக் குறுகியோ மிக நீண்டோ இருப்பதையும் பலர் தாமே கண்டு வியப்பார்கள். ஒரு குழியில் மோசமாக முடித்த ஆத்திரத்தோடு அடுத்த குழியின் தொடக்க இடமான ‘டீ’யில் அடித்த அடியை மட்டும் தனியே பாருங்கள்.

வெப்பமும் இதில் பங்கெடுக்கிறது. கச்சான் வீசும் நாட்களில் பத்தாவது குழியைத் தாண்டும்போது வாய் வறண்டு, நாடி வேகமாகி, எப்படியாவது முடித்துவிட்டு நிழலுக்குப் போகத் தோன்றும். முதலில் சுருங்குவது ஒழுங்கின் மூச்சுவிடும் பகுதிதான். தாகம் எடுக்கும் முன்னரே தண்ணீர் குடிப்பதையும், காத்திருக்கும்போது குடையின் கீழ் நிற்பதையும் நான் ஒழுங்கின் பகுதியாகவே கருதுகிறேன்.

அதிர்ஷ்டத் தொப்பி அணிவதும், காலையில் கோணேசரைத் தரிசித்துவிட்டு வருவதும் அவரவர் நம்பிக்கை; மனம் அமைதியானால் நல்லதே. ஆனால் அவை மட்டையைத் தெரிவு செய்து தரமாட்டா. அதேபோல், சிறு தூரத்தில் பந்தை உருட்டும் கணத்தில் கை தன்னிச்சையாக வெட்டி இழுக்கும் ‘யிப்ஸ்’ என்ற தொல்லையை ஒழுங்கு ஒன்றாலேயே தீர்த்துவிடலாம் என எண்ண வேண்டாம். சிலருக்கு அது பதற்றத்தால் வருகிறது, வேறு சிலருக்கு நரம்பு சார்ந்த தசை இயக்கக் கோளாறாக இருக்கிறது. எழுதும்போதோ கோப்பை தூக்கும்போதோ அதே கை நடுங்கினால் என்னிடம் வருவதற்கு முன் நரம்பியல் வைத்தியரைக் காண வேண்டும்.

மழைக்காலம் தொடங்கியதும் வரிசையில் ஒரு மாற்றம் தேவைப்படும். பிடியைத் துடைப்பது எல்லாத் தீர்மானங்களுக்கும் பின்னர், கோட்டைத் தாண்டுவதற்குச் சற்று முன்னர் நிகழ வேண்டும்; முன்பே துடைத்துவிட்டுக் காற்றைப் பார்த்துக்கொண்டு நின்றால் பிடி மறுபடி நனைந்துவிடும். உலர்ந்த துவாய் ஒன்றைக் குடையின் உட்கம்பியில் தொங்கவிடுங்கள். பையில் மாற்றுக் கையுறை ஒன்றும் இருக்கட்டும்.